தவளையின் பாட்டுக்கு முன் ஒரு பொன்னாடை

பாட்டு தொடங்கப்போகிற நேரத்தில் மேடையில் எல்லா விளக்குகளும் எரிந்தன.

டீச்சர் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். ஆலை நகரியக் கலைமன்றத்தின் செயலாளர் தெய்வசிகாமணி, வாயெல்லாம் பல்லாக, மைக்கோடு மேடையேறிக்கொண்டிருந்தார். பின்னால் சிறப்பு விருந்தினர். அவருக்குப் பின்னால் தட்டில் பொன்னாடையோடு இரண்டு பேர்.

நாடகம் தொடங்கும்போது வந்திருக்க வேண்டிய மனிதர். முடியப்போகிற நேரம் பார்த்து வந்திருக்கிறார்.

"ரெண்டே நிமிஷம் டீச்சர். ஐயா அவசரமா கிளம்பணுமாம்" என்றார் செயலாளர், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு.

திரையைக்கூட இழுக்கவில்லை. கொக்கையும் நண்டையும் ஆமையையும் வேடத்தோடு ஓரமாகத் தள்ளி நிறுத்தினார்கள். கொக்குக்கு மூக்கு கழன்று தொங்கியது.

தவளை மட்டும் ஒதுங்கவில்லை.

அட்டையில் செய்த பெரிய தாமரை இலைக்கு அடியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அப்படிச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். ஆலைப் பள்ளியின் பாட்டு டீச்சர். குழந்தைகள் புத்தகம் ஒன்றில் இருந்த கதை. மழையைக் கூப்பிடுகிறேன் பார் என்று குளத்தில் ஆளாளுக்குப் பாடித் தோற்கிறார்கள். வாயே திறக்காமல் இருந்த தவளை, முதல் தூறல் விழுந்ததும் பாடுகிறது. நகரியத்துப் பெற்றோரும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து அதைப் பாட்டு நாடகமாக்கியிருந்தார்கள்.

மேடையில் என்ன நடந்தாலும் சரி, மழைச் சத்தம் கேட்கும்வரை தலையை நீட்டக் கூடாது. ஒத்திகைக்கு ஒத்திகை சொன்னதுதான்.

தவளை வேடம் கட்டிய ஜெர்லின், சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்.

கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரம், ஜெர்லினின் அப்பா ஆரோக்கியசாமி ஷிஃப்ட் உடுப்போடு நின்றுகொண்டிருந்தார். ஆலையில் சங்கு ஊதியதும் கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குள் நுழையாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை.

"எங்கப்பா நான் பாடி ஒரு தடவகூடக் கேட்டதில்ல டீச்சர்."

நேற்று அந்தப் பெண் சொன்னது. நாளைக்குக் கேட்டுவிட்டுத்தான் போவார் என்று டீச்சர் வாக்குக் கொடுத்ததும் நேற்றுதான்.

பொன்னாடை போர்த்தினார்கள். படம் சரியாக விழவில்லை என்றார் போட்டோக்காரர். கழற்றினார்கள். மறுபடி போர்த்தினார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விருந்தினர் மைக்கை வாங்கினார். குழந்தைகள் தெய்வத்துக்குச் சமம் என்றார். தன்னுடைய கல்யாண மண்டபத்துக்கு ஏசி போட்டாயிற்று என்றார். சின்ன வயதில் பள்ளிக்கூட நாடகத்தில் ராஜா வேடம் கட்டியதைச் சொல்லி, அந்த வசனத்தை ஆற அமர நினைவுபடுத்திக்கொள்ளத் தொடங்கினார். பேசப் பேச முன்னால் நகர்ந்தார். அவருடைய ஷூ இலையின் விளிம்பில் ஏறி நின்றது.

இலை அசையவில்லை.

எழுந்து வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண் வந்துவிடும். வந்தால் கொக்குக்குப் பக்கத்தில் நிற்கலாம். பாட முடியாது.

காலடியில் ஒரு குழந்தை கிடப்பது இந்த ஆளுக்குத் தெரியாது. செயலாளருக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கதவோரம் ஆரோக்கியசாமி கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு காலை வெளியே வைத்தார்.

அவள் ஆர்மோனியத்தை மூடினாள்.

எல்லோரும் பார்க்க, மேடையின் ஓரத்துக்கு வந்து நின்று கைதட்டினாள்.

முன்வரிசையில் நண்டின் அம்மா நிமிர்ந்தாள். அவளும் தட்டினாள். அடுத்து ஆமையின் அப்பா. மழைச் சத்தம் உங்கள் கையில்தான், நான் தட்டினால் நீங்களும் தட்டுங்கள் என்று நாடகம் தொடங்குமுன்பே சபைக்குச் சொல்லியிருந்தது. அரங்கம் முழுக்கப் பிடித்துக்கொண்டது.

விருந்தினர் ராஜா வசனத்தைப் பாதியில் விட்டார். முகம் மலர்ந்துபோயிற்று. இந்தப் பக்கம் ஒரு கும்பிடு, அந்தப் பக்கம் ஒரு கும்பிடு. கைதட்டல் நின்றபாடில்லை. வேறு வழியில்லாமல், பொன்னாடை தரையைக் கூட்ட, படியிறங்கினார்.

செயலாளர் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தார்.

"அடுத்த வருஷம் உங்களுக்கு எப்படி மேடை கிடைக்குதுன்னு பாத்துடறேன்."

அவள் இன்னும் ஓங்கித் தட்டினாள். உள்ளங்கை எரிந்தது. இந்த ஆளை அறையாமல் கையைத் தட்டிக்கொண்டிருப்பதே பெரிய காரியம் என்று தோன்றியது.

இலை மெல்ல உயர்ந்தது.

ஜெர்லினுக்குக் கால் மரத்துப்போயிருக்க வேண்டும். எழுந்து, ஒருமுறை தடுமாறி நின்றது குழந்தை. பச்சைச் சாயம் வியர்வையில் கழுத்துவரை வழிந்திருந்தது. விருந்தினரைப் பார்க்கவில்லை. டீச்சரையும் பார்க்கவில்லை. நேரே கதவைப் பார்த்தது.

சபை அடங்கியது.

சுருதிக்குக்கூடக் காத்திராமல் பாட ஆரம்பித்தது.

முதல் அடி முடிவதற்குள் ஆலைச் சங்கு பிடித்துக்கொண்டது.

நீளமாக ஊதியது. வாய் அசைவது தெரிந்தது, பாட்டு கேட்கவில்லை. கதவைத் திரும்பிப் பார்க்க டீச்சருக்குத் துணிவில்லை. பொன்னாடை மேடையேறும்போதே தட்டியிருக்க வேண்டும். மரியாதை, மரியாதை என்று இவ்வளவு நேரம் சும்மா நின்ற தன்மேலேயே இப்போது ஆத்திரமாக வந்தது.

சங்கு ஓய்ந்தது.

ஜெர்லின் கதவைப் பார்த்துச் சிரித்தாள்.

முதல் அடியிலிருந்து மறுபடி தொடங்கினாள்.