நல்லாருக்குதுங்க

"செருப்பைக் கழட்டுங்க."

"எதுக்குங்க சிஸ்டர்?" சண்முகப்பிரியா கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

நர்ஸ் சைத்ரா குனிந்து, அவள் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விழுந்த குழி மேலே வரவே இல்லை.

"எத்தனை நாளா வீக்கம்?"

"பஸ்ஸுல நின்னுட்டே வந்தனுங்க, அதான்..."

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

கோவையின் அந்த மருத்துவமனை அறையில் இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் லூபஸ்; முகத்தில் சிவப்பாய்ப் படர்ந்து, சிறுநீரகம் வரைக்கும் கெடுக்கும் நோய். புது ஊசி ஒன்று கேட்கிறதா இல்லையா என்று இவர்களுக்குப் போட்டுத்தான் பார்க்கிறார்கள். நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பத்து நாளுங்க."

சைத்ரா அவளுடைய நோட்டை மேஜைமேல் எறிந்தாள். தினமும் உடம்பு எப்படி இருக்கிறதென்று எழுதி வர வேண்டிய நோட்டு. பத்து நாளும் ஒரே வரி. எழுத்தில்கூட மரியாதை குறையாமல், 'நல்லாருக்குதுங்க.'

"பொய்யை எழுதிப்போட்டு ஊசிக்குக் கையை நீட்டறீங்களா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் மதன்குமாருக்குச் சுருக்கென்றது. "ஏனுங்க, கோபியிலிருந்து விடியறதுக்கு முன்னால கெளம்பி வந்திருக்கறோம். நாலு பேர் முன்னால இப்படித்தான் பேசுவீங்களா? டாக்டர் எத்தனை தன்மையாக் கேக்கறாருங்க."

"அதனாலதானுங்க எழுதுனேன்." சண்முகப்பிரியா அழுதுவிட்டாள். "'எப்படி இருக்குதுங்க அம்மணி'ன்னு கேக்கறவர்கிட்ட, உங்க மருந்து ஆகலைன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது? சொன்னா ஊசியையும் நிறுத்திப்போடுவாங்க. எனக்கு வேற எந்த மருந்தும் கேக்கலைங்க."

நம் ஊர் மரியாதை சிறுநீரகத்துக்கு எங்கே தெரிகிறது?

சைத்ரா ஊசித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு டாக்டர் உதய்க்குப் போன் போட்டாள். "இன்னைக்கு ஊசி வேண்டாம் சார். கால் வீங்கியிருக்குது. மொதல்ல கிட்னியைப் பார்த்தாகணும்."

மதன்குமார் எழுந்தே விட்டான். "அவ உடம்பு, அவ நோட்டு. என்னமோ எழுதிட்டுப் போறா. உங்களுக்கென்னங்க நட்டம்?"

சைத்ரா மாஸ்க்கைக் கழற்றினாள். சண்முகப்பிரியாவின் முகத்தில் இருந்த அதே சிவப்பு, அவளுக்கும் மூக்கிலிருந்து இரண்டு கன்னத்துக்கும் படர்ந்திருந்தது.

"இங்க வேலை பார்க்கறவங்களை இந்தச் சோதனையில சேர்த்துக்க மாட்டாங்க. நீங்க எழுதறதை நம்பித்தான் அம்மணி, நாளைக்கு இது கடைக்கு வந்தா நானும் இந்த ஊசியைப் போட்டுக்கணும்."