இடிபடும் வீட்டில் ஒரு படம்

"அந்த ஜன்னல்கிட்ட என்னை நிக்க வச்சு ஒரு போட்டோ எடுப்பியாம்மா?"

குரல் கேட்டு வைஷ்ணவி கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினாள். பாதி இடிந்த வீட்டின் கூடத்தில், செங்கல் குவியலுக்கு நடுவே ஒரு அம்மாள் நின்றிருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. மாம்பழ நிறப் பட்டுச் சேலை. தலையில் மல்லிகை.

ஊர் ஊராகப் போய்ப் பழைய தெருக்களையும் இடிபாடுகளையும் படம் எடுப்பவள் வைஷ்ணவி. ஹம்பியின் கல் மண்டபங்களை எடுத்திருக்கிறாள். தனுஷ்கோடியில் கூரையில்லாத தேவாலயத்தை எடுத்திருக்கிறாள். பெங்களூர் அவளுக்குப் பாதித் தூக்கத்தில் இருக்கிற ஊராகத் தெரிந்தது. மெட்ரோ தூண்களுக்குக் கீழே பனியில் பூக்கட்டும் பெண்கள், நடைபாதை முழுக்க உதிர்ந்து கிடக்கும் ரோஸ் நிறப் பூக்கள், கண்ணாடிக் கட்டடத்தின் மேல் நகரும் மேகம். இன்று காலை விவேக் நகரில் சர்ச் மணியோசை வந்த சந்தில் திரும்பியபோதுதான் இந்த வீடு கண்ணில் பட்டது. "மெஷின் வர்றதுக்குள்ள எடுத்துக்குங்க மேடம்" என்று மேஸ்திரி மஞ்சுநாத் உள்ளே விட்டிருந்தார்.

"இது உங்க வீடாம்மா?"

"எம் பேரு சின்னத்தாயி. ஹெர்பர்ட்டோட வொய்ஃப்" என்றார் அந்த அம்மாள். "அவரு போன வருஷம் தவறிட்டாரு. அவரோட தம்பி பசங்க வீட்டை பில்டருக்குக் குடுத்துட்டாங்க."

"ஐயோ… ஸாரிம்மா."

"பரவால்ல. வா, காட்டறேன்."

செருப்பை வெளியிலேயே விட்டிருந்தார். வெறுங்காலோடு செங்கல் சில்லுகளை ஒதுக்கி ஒதுக்கி நடந்தார்.

"இங்கதான் பெரிய சாப்பாட்டு மேஜை. கிறிஸ்மஸ் அன்னிக்கு உக்கார எடம் பத்தாது. பசங்கல்லாம் தரையில தட்டை வச்சுக்கும்." குனிந்து, புழுதியைத் தள்ளிவிட்டு, சிவப்புத் தரையில் உள்ளங்கையைப் பதித்தார். "எந்த வெயில்லயும் ஜில்லுன்னு இருக்கும்னு ஹெர்பர்ட் சொல்லுவாரு. ஆமா, ஜில்லுன்னுதான் இருக்கு."

இரண்டு வாசல்கள் இருந்த இடத்தில் கொஞ்சம் தயங்கினார். பிறகு இடப்பக்கம் திரும்பினார்.

"இதுதான் எங்க ரூம். கட்டில் இப்படி. கண்ணு முழிச்சா ஜன்னல்ல கொய்யா மரம். காலைல கிளி கத்தற சத்தத்துல தூங்கவே முடியாது."

வைஷ்ணவி எட்டிப் பார்த்தாள். மரம் இருந்தது. இலைகளுக்குள் எங்கேயோ ஒரு கிளியும் கத்தியது. சின்னத்தாயி அந்த மரத்தையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழந்தைங்க இருக்காங்களாம்மா?"

"பொண்ணு பொறந்தா மரியான்னு பேர் வைக்கறதா இருந்தோம். பொறக்கல."

வைஷ்ணவி கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினாள். "நில்லுங்கம்மா, வெளிச்சம் நல்லா இருக்கு" என்றாள்.

"பூ சரியா இருக்கா?"

"ரொம்ப அழகா இருக்கு."

சின்னத்தாயி ஜன்னல் கட்டையில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். கூரை பிரித்த அறைக்குள் காலை வெயில் சரிந்து விழுந்தது. அதில் சுண்ணாம்புத் தூசி மெதுவாக மிதந்தது. கேமரா வழியாகப் பார்த்தபோது, அந்த அறைக்கு மறுபடி கூரை வந்துவிட்டதுபோல, திரைச்சீலை ஆடுவதுபோல, கட்டிலில் யாரோ புரண்டு படுப்பதுபோல இருந்தது வைஷ்ணவிக்கு. வாழ்ந்த வீட்டில் ஒரு மனுஷி நிற்பதைப் படம் எடுப்பதற்கும் வெறும் கல்லை எடுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டே பொத்தானை அழுத்தினாள்.

வெளியே இயந்திரம் உறுமியது.

"மேடம், பேக பன்னி, பேக! சீக்கிரம் வெளிய வாங்க!" என்று மஞ்சுநாத் கத்தினார்.

வைஷ்ணவி சின்னத்தாயியின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தாள். தெருவுக்கு வந்ததும் கேமராவில் படத்தைக் காட்டினாள். தன் முகத்தைக்கூடப் பார்க்காமல் பின்னாலிருந்த சுவரையே பார்த்தார் சின்னத்தாயி.

"இந்த வீட்டை விட்டு எப்பம்மா போனீங்க?" என்று மெல்லக் கேட்டாள் வைஷ்ணவி.

"போறதா?" சின்னத்தாயி சிரித்தார். "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மாலை மாத்திக்கிட்டு நேரா இங்கதான் வந்தோம். அவங்கம்மா என்னைப் பாத்ததும் கதவைச் சாத்திட்டாங்க. 'நீ இங்கயே நில்லு தாயி, அம்மாகிட்ட பேசிட்டு வந்து கூப்பிடறேன்'னு சொல்லிட்டு, அவரு மட்டும் பின்கட்டு வழியா உள்ள போனாரு."

இயந்திரத்தின் இரும்புக் கை கூடத்துச் சுவரைத் தொட்டது.

"கூப்பிட வரவே இல்ல. நான் உள்ள வந்தது இன்னிக்குத்தாம்மா."