ஐந்தாவது கொட்டாவி

விற்பனையாளர் மூன்றாவது தடவை வாயைப் பிளந்தபோது, அவருடைய கடைவாயில் இரண்டு சொத்தைப் பல் இருப்பதை டாக்டரம்மா எண்ணி முடித்துவிட்டாள். பல் டாக்டர் ஆயிற்றே!

"நாம ஸ்பீக்கர் வாங்க வந்திருக்கோம். இவரு தூங்க வந்திருக்காரு" என்று கணவரிடம் பொருமினாள்.

"மெதுவாப் பேசு. காதுல விழப்போகுது."

"விழட்டுமே. ராத்திரியெல்லாம் போனை நோண்டினா பகல்ல இப்படித்தான்."

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதில் டி.ஜே. ஆசை பிடித்திருந்தது. கல்லூரித் தோழிகள் கூடும் விழாவில் ஒரு மணி நேரம் பாட்டு மிக்ஸ் பண்ணி அசத்துவதாக வாய் விட்டுவிட்டாள். இன்னும் இரண்டே வாரம். தம்பியிடம் இரவல் வாங்கிய பெரிய ஸ்பீக்கர் பெட்டியை வைத்துத்தான் இதுவரை பழக்கம். அவனும் திருப்பிக் கேட்டுவிட்டான். கட்டுப்படியாகும் விலையில் சொந்தமாக ஸ்பீக்கர் வாங்கியே ஆகவேண்டும்.

"இதைவிடப் பெரிசா, மலிவா எதுவும் இல்லையா?"

"இருக்கு மேடம். உள்ள... ஆஆவ்... எடுத்துட்டு வரேன்."

நான்காவது!

அவர் உள்ளே போனதும், கல்லா அருகே நூலில் தொங்கிய கருத்து நோட்டை டாக்டரம்மா இழுத்துப் பிரித்தாள். 'ஸ்பீக்கர் பிரிவு விற்பனையாளர் வாடிக்கையாளர் எதிரிலேயே தூங்கி வழிகிறார். நடவடிக்கை தேவை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

பில் போடும் பெண் பதறிப்போனாள். "ஐயோ மேடம்! முதலாளி சனிக்கிழமை மத்தியானம் உக்காந்து இதைப் படிப்பாரு. இன்னொரு புகார் வந்தா அவரை வேலையை விட்டே அனுப்பிடுவேன்னு சொல்லி வெச்சிருக்காரு."

"அனுப்பட்டும். வீட்டுல நல்லாத் தூங்கலாம்."

விற்பனையாளர் இடுப்பு உயரப் பெட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா தன் மிக்ஸ் இருந்த பென் டிரைவைச் செருகினாள். தொம் தொம்மென்று கடையே அதிர்ந்தது. அலமாரிக் கண்ணாடி கிடுகிடுத்தது. அவள் முகத்தில் அத்தனை பூரிப்பு.

"இதுக்கே பில் போட்டுடுங்க."

"சரி மேடம். டெலிவரிக்கு அட்ரஸ்?"

"பூங்காவுக்கு எதிர்ல புது அடுக்குமாடி. மூணாவது மாடி, இடது பக்க வீடு. போன மாசம்தான் குடி வந்தோம்."

ஐந்தாவது கொட்டாவி பாதி வழியிலேயே நின்றது.

"மேடம்... எத்தனை மணிக்குப் பழகுவீங்க?"

"காலைல அஞ்சரைக்கு. அப்புறம் கிளினிக் போகணுமே."

"கீழ் வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?"

"தங்கமான மனுஷங்க! முகம் கூடப் பார்த்ததில்லை, ஆனா இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை" என்றார் கணவர் பெருமையாக.

விற்பனையாளர் பேனாவை மூடினார்.

"இந்தப் பெட்டி உங்களுக்கு வேண்டாம் மேடம்."

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. "ஏன்? எங்களால வாங்க முடியாதுன்னு நினைச்சீங்களா?"

அவர் கையடக்கமான ஒரு ஸ்பீக்கர் ஜோடியை மேஜையில் வைத்து, அதே பாட்டை ஓடவிட்டார். இப்போது இரண்டாவது பாட்டின் தாளம் முதல் பாட்டோடு சேராமல் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்தது.

"என்ன இது, இப்படிக் கேக்குது?"

"உங்க மிக்ஸே அப்படித்தான் மேடம். பெரிய பெட்டி அதிர்ற அதிர்வுல தப்பு வெளிய தெரியாது. சின்னது காட்டிக் கொடுத்துடும். பழகறவங்களுக்கு அதுதானே வேணும்? விலையும் பாதிதான்."

டாக்டரம்மாவுக்கு வியர்த்தது. இதைத் தோழிகள் முன்னால் போட்டிருந்தால் மானம் கப்பலேறியிருக்கும்! மறு பேச்சில்லாமல் சின்ன ஜோடிக்குப் பணம் கட்டினாள்.

வாசலில் லேசாக உறுத்தியது. எழுதியதை அடித்துவிடலாமா? 'நான் ஒண்ணும் பொய் எழுதலையே' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்பீக்கரை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

"வர்ற வழிதான் மேடம்."

சுவரிலிருந்து தள்ளி, காதுக்கு நேராகத் திருப்பி வைத்தார். அதிர்வு கீழே இறங்காதபடி அடியில் தடித்தடியாக ரப்பர் துண்டுகள் வைத்தார்.

"ரப்பருக்கு எவ்வளவு?" என்று பர்ஸை எடுத்தார் கணவர்.

"அது என் அன்பளிப்பு சார். காலைல மட்டும் ஹெட்போன் போட்டுப் பழகச் சொல்லுங்க. தப்பு இன்னும் நல்லாக் கேக்கும்."

அவர் போன பிறகுதான் மேஜையில் கிடந்த ஸ்க்ரூ டிரைவர் கண்ணில் பட்டது. டாக்டரம்மா அதை எடுத்துக்கொண்டு படியில் ஓடினாள்.

ஒரு மாடிதான் இறங்கியிருப்பாள். அங்கே, இடது பக்க வீட்டு வாசலில் அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சிணுங்கும் கைக்குழந்தையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"மேல் வீட்டுக்குப் போய் ஒரு வழியா சண்டை போட்டுட்டீங்களா?"

"சண்டையா? ஸ்பீக்கரே வித்துட்டேன். பிள்ளையைக் குடு. நாளைக்குக் காலைலயாவது மூணு பேரும் தூங்குவோம்."

டாக்டரம்மா சத்தம் போடாமல் படியேறித் திரும்பிவிட்டாள்.

சனிக்கிழமை காலை. கடையின் ஷட்டர் பாதி ஏறும்போதே குனிந்து உள்ளே நுழைந்தாள். நோட்டைப் பிரித்து, தான் எழுதிய புகாருக்கு அடியில் இன்னும் ஒரு வரி சேர்த்தாள்:

'அவரை ஒரு மாதமாகத் தூங்கவிடாத பாவி நான்தான். இப்படிக்கு, மேல் வீட்டுக்காரி.'