மூடாத ஃபைல்

"எவன்யா அந்த ஃபைலைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது? கல்லீரல் என்ன ஃப்ரிட்ஜ்ல வெச்ச பாலா, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட?"

உறுப்பு தானப் பதிவு அலுவலகத்தின் பெரிய டாக்டர் வாசலில் நின்று கத்தினார். அலுவலகக் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் சர்வர்காரன் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பார்த்துக்கிட்டேதான் இருக்கேன் சார். அஞ்சு மெஷின் அந்த ஃபைலைத் திறந்திருக்கு. நாலு பேர் சும்மா படிக்கத் திறந்தவங்க, அவங்களால தொந்தரவு இல்ல. ஒரு கனெக்‌ஷன் மட்டும் எழுதத் திறந்துட்டு, பிடிச்ச பிடியை விட மாட்டேங்குது. ரொம்ப நேரமா புதுசா ஒரு எழுத்துகூட அடிக்கவும் இல்ல."

கொடையாளரின் ஃபைலை மூடினால்தான் கம்ப்யூட்டர் அதைக் காத்திருப்போர் பட்டியலோடு பொருத்திப் பார்த்து, உறுப்பு யாருக்கு என்று சொல்லும். கொடுப்பவரும் ஒரு எண், வாங்குபவரும் ஒரு எண். யாருடையது யாருக்குப் போனது என்று வெளியே தெரியக் கூடாது. ஆனாலும் பட்டியலில் ஒரு எண் சர்வர்காரனுக்கு மனப்பாடம். அது அவனுடைய அண்ணன். மஞ்சள் பூத்த கண்களோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். இந்த முறையும் கிடைக்காவிட்டால் ஆசையை விட்டுவிடுங்கள் என்று சொல்லியாகிவிட்டது.

"கனெக்‌ஷனை வெட்டி விடுய்யா!"

"வெட்டினா இதுவரைக்கும் அடிச்சதெல்லாம் போயிடும் சார். மறுபடி முதல்லேருந்து அடிக்கணும். எந்த மெஷின்னு தெரிஞ்சுபோச்சு, நானே போறேன்."

கடைசி அறை. சம்மதம் அக்காவின் மெஷின். மூளைச்சாவு அடைந்தவர்களின் வீட்டாரிடம் பேசிச் சம்மதம் வாங்குவது அவள் வேலை. அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஃபைலைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள் என்று அவள் மேல் அவனுக்கு ஏற்கெனவே கடுப்பு உண்டு.

இன்று அவள் எங்கும் போகவில்லை. கைகளை மடியில் போட்டுக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது? அங்கே எங்கண்ணன் இழுத்துக்கிட்டுக் கிடக்கிறான். நீங்க பாட்டுக்கு ஃபைலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க!"

அவள் திரும்பவில்லை. "அம்மாக்காரி லேசுல ஒத்துக்கல, தம்பி."

"எந்த அம்மா?"

"இந்தப் பையனோட அம்மா. நெஞ்சு ஏறி இறங்குது, கை சூடா இருக்கு, இவனைப் போய் செத்துட்டான்னு சொல்றீங்களேன்னு கேட்டா. எத்தனை வீட்ல இதுக்குப் பதில் சொல்லியிருக்கேன்! அவகிட்ட மட்டும் எதுவுமே எடுபடல."

"அப்புறம்?"

"விடிஞ்சதும் ஒத்துக்கிட்டா."

"அதான் ஒத்துக்கிட்டாங்களே, மூட வேண்டியதுதானே? உங்களுக்கென்னக்கா, இன்னைக்கு ஒரு வீடு, நாளைக்கு ஒரு வீடு. நம்ம வீட்ல ஒருத்தர் அப்படிக் கிடந்தாத்தான் அந்த வேதனை தெரியும்."

சொல்லி முடித்ததும் அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது. அண்ணன் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றதால் வாய் அடங்கவில்லை.

அவள் கோபப்படவில்லை. "எல்லாம் அடிச்சுட்டேன், தம்பி. ஒரு கட்டம்தான் பாக்கி. கை வரமாட்டேங்குது."

குனிந்து பார்த்தான். வயது, ரத்த வகை, இறப்பு நேரம் எல்லாம் நிரம்பியிருந்தன. சம்மதம் தந்தவரின் உறவு: தாய். அதற்குக் கீழே பெயர் மட்டும் காலி.

"இதுக்கா இவ்வளவு நேரம்? நகருங்க, நான் அடிக்கிறேன்." கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "அந்தம்மா பேர் என்ன?"

சம்மதம் அக்கா தன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி, அவன் கை அருகே வைத்தாள்.

"இதுல இருக்கிற பேர்தான், தம்பி. அடிச்சுட்டு மூடிடு."