ஆறாம் வீட்டுக் கதவு

“அந்தப் பொம்பளைய போர்டுலேர்ந்து தூக்கிடு வாசு. இல்லாட்டி நான் விலகிக்கிறேன்.”

சேது போனை வைத்த வேகத்தில் மேசையே ஆடியது.

கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் அவர் கிராணி, கணக்கு எழுதுகிறவர். எண்பத்தெட்டில் அந்த வட்டாரத்திலேயே வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒரே ஆள் தான்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

‘போர்டு’ என்பது கோலாலம்பூரில் வாசு என்ற இளைஞர் தன் கம்ப்யூட்டரை போன் லைனில் கட்டி நடத்திவந்த மன்றம். போன் வழியாக உள்ளே போய், சொந்தமாக எழுதிய விளையாட்டுகளை அங்கே வைக்கலாம். மற்றவர்கள் எடுத்து ஆடிவிட்டு, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக் கருத்துச் சொல்வார்கள்.

சேது வைத்த விளையாட்டுக்குப் பெயர் ‘ஆறாம் வீடு’. படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். தொழிலாளர் வரிசை வீடுகள் நிற்கும் இருட்டு லயத்தில் ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொள்கிறீர்கள். ‘மூலையைப் பார்’, ‘கதவைத் திற’ என்று தட்டித் தட்டி வெளியே வர வேண்டும்.

எல்லாரும் புகழ்ந்து தள்ளினார்கள். பிரமாதம் என்றார்கள். முடிவு அருமை, தூக்கமே போச்சு என்றார்கள். வருகிற ஞாயிறு கோலாலம்பூரில் ஒரு மண்டபத்தில் கூட்டம் கூட்டி அதை ஓட்டிக் காட்டப்போகிறார் வாசு. சேதுவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதில் மண்ணை அள்ளிப் போட வந்தவள்தான் உலு யாம் ஊர்க்காரி அமராவதி.

“அப்படி என்னதாங்க எழுதிட்டா?” என்று மனைவி கலாவதி திரையை எட்டிப் பார்த்தாள்.

“நீயே படி.”

முதல் செய்தி: ‘உள்ளே இருட்டு. மூலையில் அம்மிக்கல் கிடக்கிறது. கதவு திறக்கவில்லை.’

அடுத்தது: ‘எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன்.’

மூன்றாவது, இன்று வந்தது: ‘கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். வந்து பாருங்கள்.’

கலாவதியின் கை தாலியைப் பிடித்தது. “அம்மிக்கல்லா?”



அந்த ஆறாம் வீடு கற்பனை இல்லை. தோட்டத்துப் பழைய லயத்தில் இருக்கிறது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் கதவு இறுகிப்போய், தனியாக இருந்த ஒரு பெண் உள்ளேயே செத்துக் கிடந்தாள். உடைத்துத் திறந்தபோது அம்மிக்கல்லைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தாளாம். அதை வைத்துத்தான் சேது விளையாட்டை எழுதினார். போர்டில் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

“விளையாட்டுல நீங்க அம்மி வெச்சீங்களா?”

“வெச்ச ஞாபகம் இல்ல.”

“அப்ப செத்தவதான் எழுதுறாளாங்க?”

“சும்மா இரு.”

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. செம்பனை மரங்களுக்கு நடுவே பழைய லயத்தின் தகரக் கூரை தெரிந்தது. கலாவதி போய் ஜன்னலைச் சாத்தினாள்.

“ஒரு தடவ நீங்களே ஆடிப் பாருங்களேன்.”

“நான் எழுதினத நானே ஆடணுமா?”

“முழுசா ஆடியிருக்கீங்களா?”

ஆடியதில்லை. எழுதும்போது ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆட யாருக்குப் பொறுமை? நேராகக் கடைசிக் கட்டத்துக்குத் தாவி, முடிவை மட்டும் ரசித்துவிட்டு எழுந்துவிடுவார்.

உட்கார்ந்தார். ‘மூலையைப் பார்’ என்று தட்டினார்.

‘அம்மிக்கல்’ என்றது திரை.

எப்போதோ அரைத் தூக்கத்தில் அவரே எழுதிச் சேர்த்திருக்கிறார்.

கூரை இடுக்கில் சாவி இருந்தது, எடுத்தார். ‘கதவைத் திற.’

‘கதவு திறக்கவில்லை.’

மறுபடியும் தட்டினார். திறக்கவில்லை. தலைகீழாக நின்று பார்த்தார். திறக்கவில்லை. அறை இருண்டுபோனது. விளக்குப் போட இருவருக்கும் தோன்றவில்லை.

“எங்கயோ ஒரு வரி தப்பா எழுதிட்டேன் கலா. யாரு ஆடினாலும் இந்தக் கதவு திறக்காது.”

கலாவதி திரும்பினாள். “அப்ப முடிவு அருமைன்னு எழுதினவங்கல்லாம் முடிவ எப்படிப் பாத்தாங்க?”

சேதுவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

“ஒருத்தனும் ஆடல. அந்தம்மா மட்டுந்தான் ஆடியிருக்காங்க.”

போனை எடுத்தார். “வாசு, அமராவதிய தூக்கிடாத.”

“இப்பத்தாண்ணே தூக்கினேன். நீங்கதானே சொன்னீங்க லா.”

“தப்பு பண்ணிட்டேன்.”

“எனக்கும் ஆச்சரியந்தாண்ணே. போன வாரம் நீங்க ஆடிப் பாக்க எல்லாரோட விளையாட்டு டிஸ்க்கும் கட்டி அனுப்பினேன்ல, அதுல அவங்க டிஸ்க்கும் இருந்திச்சு. பிரமாதம், முடிவு அருமைன்னு அவங்களுக்கு நீங்கதான் எழுதியிருந்தீங்க. அப்புறம் ஏன் இந்தக் கோபம்?”

சேது போனை வைத்தார்.

டிராயரை இழுத்தார். வாசு அனுப்பிய கட்டு, கட்டிய கயிறு அவிழ்க்காமல் அப்படியே இருந்தது. வந்த அன்றைக்கே, மேலே ஒட்டியிருந்த பட்டியலில் பெயர்களை மட்டும் பார்த்து, எல்லாருக்கும் ஒரே மூச்சில் நல்ல வார்த்தை எழுதி முடித்திருந்தார்.

கயிற்றை அறுத்து, அமராவதியின் டிஸ்க்கைத் தேடி எடுத்துப் போட்டார்.

‘ஆறாம் வீடு. எழுதியவர்: சேது’ என்று வந்தது.

அவருடைய விளையாட்டேதான். அதே இருட்டு, அதே அம்மிக்கல். ‘கதவைத் திற’ என்று தட்டினார்.

கதவு திறந்தது.