சுற்றி விழுந்த வெட்டு

"எந்தப் பாவி, பெரிப்பா, மரத்தைச் சுத்தியும் இப்படி வெட்டிப்போட்டது?"

செல்வப்பிரியா மாமரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து கேட்டாள். பெரியப்பா அர்த்தநாரி வானத்தைப் பார்த்தார். பெரியம்மா நாச்சம்மாள் கோழியை விரட்டினாள். விரட்டுவதற்கு அங்கே கோழி ஒன்றும் இல்லை.

அடிமரத்தில் நாலு விரல் அகலத்துக்குப் பட்டை வளையமாகப் போயிருந்தது. கிருஷிபவன் வேளாண்மை அலுவலகத்தில் கேட்டதற்கு, இனி விறகுக்குத்தான் ஆகும் என்று கைவிரித்துவிட்டார்கள். நாச்சம்மாள் கல்யாணமாகி இந்தக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து கன்றாகக் கொண்டுவந்த மரம் அது. இரண்டு வருடமாகக் காய்க்கவில்லை. இருந்தாலும் அது பட்டுப்போனால் தன் உயிரில் பாதி போய்விடும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செல்வப்பிரியா மாங்கன்று நர்சரி நடத்துகிறவள். கையோடு ஆளுயரக் கன்றுகள் கொண்டுவந்திருந்தாள். மரத்தைச் சுற்றிக் குழி வெட்டி அவற்றை நட்டாள். ஒவ்வொரு கன்றின் நுனியையும் சாய்வாகச் சீவி, காயத்துக்கு மேலே இருந்த நல்ல பட்டைக்குள் செருகி ஒட்டுக் கட்டினாள். பழைய வேர் கைவிட்டாலும் கன்றுகளின் வேர் மரத்தைக் காப்பாற்றும் என்றாள்.

கன்றைப் பிடிக்க ஒருவர், நாடாவைச் சுற்ற ஒருவர் வேண்டும். அங்கேதான் சிக்கல். பெரியம்மாவைக் கேட்காமல் பெரியப்பா எருமையை விற்ற நாளிலிருந்து, அதாவது சித்திரையிலிருந்து, இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"கன்னை ஆட்டாமப் புடிக்கச் சொல்லு பிரியா, உங்க பெரிப்பனை."

"ஆட்டாமத்தான் புடிச்சிருக்கறேன்னு சொல்லு."

இருவருக்கும் நடுவில் ஒரு முழத் தூரம்தான். நடுவில் நின்ற செல்வப்பிரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கடைசி ஒட்டைக் கட்டி மெழுகு பூசிவிட்டு, வெட்டினவன் வேலிக்கு அந்தப்பக்கத்துத் தங்கதுரையாகத்தான் இருக்கும் என்றாள். இலை தன் களத்தில் விழுகிறது என்று எப்போதும் சண்டை பிடிக்கிறவன் அவன்தானே. பெரியப்பா அவசர அவசரமாக, முதலில் மரம் பிழைக்கட்டும் என்றார்.

பிழைத்தது. மழை ஓய்ந்து புரட்டாசி பிறந்தபோது செல்வப்பிரியா நாடாக் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். கன்றும் மரமும் ஒன்றாகிவிட்டிருந்தன. மொட்டையாக நின்ற உச்சிக் கிளையில் செந்தளிர் விட்டிருந்தது. நாச்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அர்த்தநாரி தளிரைப் பார்ப்பதும் மனைவியைப் பார்ப்பதுமாக நின்றார்.

"மரம் பொழச்சிருச்சு. இனி வெட்டினவனை உடக்கூடாது" என்றாள் செல்வப்பிரியா. "இப்பவே தங்கதுரை பேர்ல ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டு வந்தர்றேன்."

அவள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டாள். நாச்சம்மாள் ஓடிவந்து சாவியைப் பிடுங்கினாள்.

"அவனை இழுக்காத சாமி. காய்க்காத மரத்தை மெரட்டற வழக்கம் உனக்குத் தெரியுமில்ல? புருசன் கோடாலிய ஓங்கோணும், பொண்டாட்டி 'வெட்டாதீங்க, வர்ற வருசம் காய்க்கும்'னு தடுக்கோணும். உங்க பெரிப்பன் கோடாலியோட வந்து நின்னாரு. நானும் எதுக்க வந்து நின்னேன். ஆனா எருமைக் கோவத்துல வாயத் தொறக்கலை."

செல்வப்பிரியா பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. சித்திரைக்குப் பிறகு முதல்முறையாக மனைவியின் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"மரத்தைச் சாக்கா வெச்சாவது எங்கிட்டப் பேசுவீன்னுதான் புள்ள கோடாலியவே எடுத்தேன். இப்பச் சொல்லுவே, இப்பச் சொல்லுவேன்னு ஒவ்வொரு வெட்டாப் போட்டதுல மரத்தையே ஒரு சுத்து வந்துட்டேன்."