எட்டரை மணிப் பூனை

“நிறுத்துப்பா, நிறுத்து! பூனை குறுக்கே போகுது!”

டிரைவர் பிரேக்கை அழுத்தினார். கார் டயர் கடை வாசலில் குலுங்கி நின்றது. எதிரே, கூப்பிடு தூரத்தில் பட்டன் கம்பெனியின் கேட். இவ்வளவு கிட்டே வந்து நிற்பதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல்.

“எங்கே முதலாளி? என் கண்ணுக்கு ஒரு வால்கூடத் தெரியலையே!”

“நீ ரோட்டைப் பாக்கறே. நான் சகுனத்தைப் பாக்கறேன். அஞ்சு நிமிஷம் இரு.”

மணி எட்டு இருபத்தொன்பது.

எட்டரைக்குக் கார் உள்ளே நுழைய வேண்டும். அது நுழைந்த கையோடு கேட்டைச் சாத்த வேண்டும். வெளியே மாட்டிக்கொண்டவர்கள் அப்படியே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். மூன்று முறை மாட்டினால் வேலையே காலி. இது முதலாளியின் அக்கா போட்ட சட்டம். கம்பெனியில் பாதிப் பங்குதான் அக்காவுக்கு. குரல் மட்டும் முழுசாக அவருடையது.

இரண்டு மாதமாக அந்தக் கார்தான் தினமும் தாமதம். ஒரு நாள் பூனை, ஒரு நாள் தும்மல், ஒரு நாள் கிளம்பும்போது தலை வாசல் நிலையில் இடித்துவிட்டது. நேற்று அக்கா மாடி ஜன்னலில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “நாளைக்கும் லேட்டானா, வண்டிக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்!”

டிரைவரும் சும்மா இருக்கவில்லை. நூலகத்தில் வேலை பார்க்கும் மைத்துனரிடம் சகுனங்களைப் பற்றி ஒரு புத்தகம் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்திருந்தார். முதலாளியின் பைத்தியத்தை இன்றைக்கு வேரோடு பிடுங்கிவிடுவது என்று முடிவு. இருக்கையில் முழுசாகப் பின்பக்கம் திரும்பி, ஒரு காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார்.

“முதலாளி, கோவிச்சுக்காம கேளுங்க. அந்தக் காலத்துல காட்டு வழியா மாட்டு வண்டியில போவாங்க. பூனை குறுக்கே ஓடினா, அதைத் துரத்திக்கிட்டுப் பெரிய மிருகம் ஏதாவது வரலாம். அதுக்குத்தான் கொஞ்சம் நின்னு போனாங்க. இங்கே என்ன வரப்போகுது? புலியா?”

“யார் கண்டா? எது எது ஓடி வருதோ!” முதலாளியின் பார்வை டிரைவரின் தோளைத் தாண்டி, முன் கண்ணாடி வழியாக ரோட்டில் இருந்தது.

“இது காடு இல்லே முதலாளி, டயர் கடை.”

“அதுவும் சரிதான். பூனையை விட்டுடலாம்.”

டிரைவர் பாய்ந்து சாவியில் கை வைத்தார்.

“அச்சூ!”

“முதலாளி!”

“என்னப்பா பண்றது? வந்துடுச்சே. அதுவும் ஒத்தைத் தும்மல்!”

டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திரும்பினார். “தும்மல்னா சளி பிடிக்கப் போகுதுன்னு உடம்பு சொல்லுது. மழையில வெயில்ல நடந்து போறவனைக் கொஞ்சம் உக்காந்துட்டுப் போன்னு சொன்னாங்க. நீங்க உக்காந்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?”

“அட, நல்லாச் சொல்றியே!”

“அப்ப எடுக்கட்டுமா?”

அதற்குள் டயர் கடைக்காரர் ஜன்னலருகே குனிந்தார். “என்ன முதலாளி, எங்கே, கம்பெனிக்கா?”

“போச்சு! எங்கேன்னு கேட்டுட்டான்!” முதலாளி இரண்டு கையையும் விரித்தார். அவர் முகத்தில் கவலையைக் காணோம். கடைக்காரர் தான் என்ன தப்பாகக் கேட்டோம் என்று புரியாமல் கடைக்குள் போய்விட்டார்.

“கிளம்பறவனை நிறுத்திப் பேச்சுக் குடுத்தா, எடுத்துக்கிட்டுப் போக வேண்டியதை மறந்துடுவான். அதான் கேட்கக் கூடாதுன்னாங்க. வேற ஒண்ணும் இல்லே!” டிரைவரின் குரல் இப்போது அழுகிற பதத்துக்கு வந்திருந்தது. “என் பொழைப்பு போகுது முதலாளி. அக்காகிட்ட பூனைன்னாவது சொல்லியிருக்கலாம். வண்டி மக்கர் பண்ணுதுன்னு சொல்லிட்டீங்களே!”

“பூனைன்னு சொன்னா, அக்கா அந்தப் பூனையைக் கூட்டிட்டு வரச் சொல்லி விசாரிப்பாங்கப்பா.”

“நான் ஒரு நாளாவது உங்க வீட்டுக்கு லேட்டா வந்திருக்கேனா? எங்க வீட்டுல எல்லாம் கடிகாரம் மாதிரி நடக்கும். ஆறு மணிக்குக் காபி கைக்கு வரும். ஆறேகாலுக்கு இஸ்திரி போட்ட சட்டை. ஆறரைக்கு டிபன். செருப்பை மாட்டினோமா, கிளம்பினோமான்னு இருப்பேன். பூனையாவது, தும்மலாவது!”

“குடுத்து வெச்சவன் நீ.”

“எல்லாச் சகுனத்துக்கும் பின்னால ஒரு காரணம் இருக்கு முதலாளி. அதைப் புரிஞ்சுக்காம நிக்கக் கூடாது.”

“வாஸ்தவம். காரணம் இல்லாம எவனாவது நடுரோட்டுல நிப்பானா?” என்ற முதலாளி, சட்டென்று நிமிர்ந்து, நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். “சரி, போதும். வண்டியை எடு. உன் மேல தப்பில்லே, நிறுத்தச் சொன்னது நான்தான்னு அக்காகிட்ட நானே சொல்லிடறேன்.”

டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. மைத்துனருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார். “கடைசியில புரிஞ்சுக்கிட்டீங்களே! நான் சொன்னதுல எது முதலாளி உங்க மனசை மாத்துச்சு?”

“நீ சொன்னது எதுவும் இல்லேப்பா. ரெண்டு மாசம் முன்னாடி பட்டன் அட்டைப் பிரிவுல சேர்ந்துச்சே உன் வீட்டுக்காரி, அது இப்பத்தான் மூச்சு வாங்க ஓடி வந்து கேட்டுக்குள்ளே நுழைஞ்சுது. நாளையிலேர்ந்து பிள்ளைங்களைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு நீ தயார் பண்ணு. தினமும் பூனைக்கு நான் எங்கே போவேன்?”